காய்ச்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை

1987 ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்று எனக்குக் காய்ச்சல் என்றுதான் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் வாசலில், ஒரு கையில் என் முழங்கை நீளத்துக்கு மெழுகுவர்த்தி, இன்னொரு கையில் பாட்டியின் சேலைத் தலைப்பு என்று நின்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எதற்குப் பள்ளிக்கூடம் என்று கோலாலம்பூர், ஈப்போ வாசகர்கள் கேட்கலாம். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கிளந்தான், திரெங்கானுவிலும் அப்படித்தான். ஜொகூர் 2014-இல் இந்தப் பக்கம் வந்து, 2025-இல் மறுபடியும் சனி, ஞாயிறுக்கே போய்விட்டது. கெடாவில் வளரும் கத்தோலிக்கப் பிள்ளைக்கு ஆண்டவருடைய நாள் என்பது, சீருடை மாட்டிக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிக்கும் நாள். ஞானோபதேசத்தில் "ஓய்வு நாளைப் பரிசுத்தமாக அனுசரி" என்று சொல்லிக்கொடுத்தபோது, அது வெள்ளிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று நான் கேட்டேன். வகுப்பே சிரித்தது. ஞானோபதேசம் நடந்ததும் வெள்ளிக்கிழமைதான்.

எங்கள் தோட்டம் கூலிமுக்கும் பாடாங் செராய்க்கும் நடுவில் இருந்தது. முழுக்க ரப்பர். லயத்தில் எங்களையும் சேர்த்து நாலு கத்தோலிக்கக் குடும்பங்கள். மற்ற அனைவரும் மாரியம்மன் கோயில் குடும்பங்கள். எங்கள் வீடு இரண்டுக்கும் நடுவில். அம்மா பிறவியிலேயே கத்தோலிக்கர். அப்பா அம்மாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் பெற்றவர். அப்பாவைப் பெற்ற பாட்டி எங்களோடுதான் இருந்தார். கடைசிவரை நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே போனதில்லை. முன்கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படம், மஞ்சள் பல்பு. சமையலறை மூலையில் பாட்டியின் மாரியம்மன் படம், எண்ணெய் விளக்கு. எந்த விளக்கை முதலில் ஏற்றுவது என்று ஒரு காலத்தில் சண்டை நடந்ததாம். எனக்கு நினைவு தெரிந்தபோது, இரண்டையும் பாட்டியே ஏற்றிக்கொண்டிருந்தார்.

நாள் விடியற்காலை நாலரைக்குத் தொடங்கும். அப்பாவும் அம்மாவும் பிரட்டுக்குப் போகவேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே மரம் வெட்டத் தொடங்குவார்கள். என்னைக் கிளப்பி, பசியாற வைத்து, பள்ளிக்கு அனுப்புவது பாட்டியின் வேலை. வாசலைத் தாண்டுமுன் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார். அம்மா அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டியின் விரலில் எப்போதும் திருநீறு ஒட்டியிருக்கும். ஆகவே நான் பல நாள் திருநீற்றுச் சிலுவையோடு பள்ளிக்குப் போனேன்.

தவக்காலம் தொடங்கும் நாளில்தான் பாட்டிக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்த நாளுக்கு நம்மவர் வைத்த பெயரே திருநீற்றுப் புதன். பழையவர்கள் விபூதிப் புதன் என்பார்கள். சாம்பல் பூசிய நெற்றியோடு அம்மா வீட்டுக்குள் வந்தால், "உங்க சாமியும் விபூதிதானே பூசுறாரு" என்பார் பாட்டி. அம்மா பதில் பேசமாட்டார். வருடத்துக்கு ஒரு முறை பாட்டிக்குக் கிடைத்த வெற்றி அது.

தவக்காலம் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். வடக்கில் ஆண்டு தொடக்கத்தில் மழை குறையும். ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். புது இலை விடும்வரை பால் குறைவு, பால் குறைந்தால் சம்பளம் குறைவு. சரியாக அதே மாதங்களில்தான் தவக்காலமும் வரும். சாமியார் இறைச்சியை ஒறுக்கச் சொல்வார். எங்கள் வீட்டில் இறைச்சி அதற்கு முன்பே நின்றுபோயிருக்கும். கருவாடும் மரவள்ளிக் கிழங்கும்தான். பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, எங்கள் வீட்டு நோன்பில் பாதி தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் இருந்தது என்று.

இரவு ஏழரைக்குச் செபமாலை. ஐந்து பத்து மணிகள், பிறகு பிரார்த்தனை. அம்மா முன்னால் சொல்ல, நாங்கள் பின்னால். தொலைக்காட்சியில் தமிழ்ப்படம் போடும் இரவில் மட்டும் அம்மாவின் வேகம் கூடிவிடும். அருள் நிறைந்த மரியே ஒன்றும் இன்னொன்றும் மோதிக்கொள்ளும். பாட்டி சமையலறை வாசற்படியில் வெற்றிலை இடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டுக் கேட்டே அவருக்கு முழுப் பிரார்த்தனையும் மனப்பாடம். எனக்கு வரி மறந்தால் அங்கிருந்து எடுத்துக்கொடுப்பார்.

திருவிழாக்கள்? எங்களுக்கு எல்லாமே உண்டு. தீபாவளிக்குப் பாட்டி எண்ணெய் வைத்துவிடுவார். புதுச்சட்டை மட்டும் கிறிஸ்துமசுக்கு என்று அம்மா பெட்டியில் பூட்டிவிடுவார். மாரியம்மன் திருவிழாவில் தீமிதி பார்க்கலாம், ஆனால் பிரசாதம் கூடாது என்பது அம்மாவின் சட்டம். மறுநாள் காலையில் பாட்டியின் முந்தானைக்குள்ளிருந்து சர்க்கரைப் பொங்கல் வரும். அம்மாவுக்கு இது தெரியாது என்று நானும் பாட்டியும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தோம்.

டிசம்பரில் குடில் கட்டுவது அப்பாவின் வேலை. சிமெண்டுப் பையின் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி விரித்தால் அசல் பாறை போலவே இருக்கும். வைக்கோலுக்குப் பதில் காய்ந்த லாலான் புல். கூலிமிலிருந்து பாட்டுக் குழு லாரியில் வரும். லயத்துப் பிள்ளைகள் அனைவரும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், அதன் பின்னால் ஓடுவோம். அம்மா சுடும் அச்சு முறுக்கு இருபது வீட்டுக்குப் போகும். தீபாவளிக்கு அந்த இருபது வீட்டிலிருந்தும் வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக்கூடாது என்பது கணக்கு.

இனி 1987-க்கு வருகிறேன்.

என் அத்தைக்கு, அதாவது பாட்டியின் மகளுக்கு, கல்யாணமாகி எட்டு வருடமாகியும் குழந்தை இல்லை. பாட்டி போகாத கோயில் இல்லை. ஒரு நாள் அம்மாவிடம், "அங்க பினாங்கு பக்கம் ஒரு மாதா இருக்காங்களாமே, பிள்ளை வரம் குடுப்பாங்களாமே, அது யாரு?" என்று கேட்டார். அது மாதா இல்லை, மாதாவைப் பெற்ற தாய், பெயர் அன்னம்மாள் என்றார் அம்மா. பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ஏசுசாமிக்குப் பாட்டியா?" ஆமாம். "பாட்டின்னா சொன்னாப் புரியும்" என்று பயணம் அப்போதே முடிவாகிவிட்டது.

புக்கிட் மெர்தாஜாம் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், கூலிமிலிருந்து பக்கம்தான். மலையடிவாரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் சீனக் கத்தோலிக்கர்கள் தொடங்கிய வழிபாடு அது. பழைய கோயில் 1888-இல் கட்டப்பட்டது. இப்போது பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும் பெரிய கோயில் 2002-இல் எழுந்தது. 2019-இல் அதற்கு பசிலிக்கா தகுதி கிடைத்தது. நான் முதலில் பார்த்தது அந்தப் பழைய கோயிலைத்தான். திருநாள் ஜூலை 26. அதை ஒட்டிப் பல நாள் நவநாள், மெழுகுவர்த்திப் பவனி. சீனர், தமிழர், யுரேசியர், சரவாக்கிலிருந்து வந்தவர்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். பொட்டு வைத்தவர்களும் ஏராளம். ஊற்று நீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போவார்கள். பாட்டி மூன்று போத்தல் கொண்டுவந்திருந்தார்.

அந்த ஆண்டு திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. பினாங்கில் விடுமுறை, எங்களுக்குப் பள்ளி. விடுப்புக் கடிதம் வேண்டும். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். தோட்டத்துக் கிராணியிடம் எழுதித்தரச் சொன்னார். கோயிலுக்குப் போவது என்று எழுதினால் கேள்வி வரும் என்று கிராணி தாமாகவே "கடும் காய்ச்சல்" என்று எழுதிவிட்டார். அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் படித்தேன். படித்தும் சொல்லவில்லை. சொன்னால் பயணம் நின்றுவிடுமோ என்ற பயம்.

திங்கட்கிழமை வாத்தியார் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தார். நாங்கள் பஸ் ஏறியதைத் தோட்டமே பார்த்திருந்தது. அவரும் அதே தோட்டத்தில்தான் குடியிருந்தார். என் நெற்றியில் கை வைத்து, "காய்ச்சல் விட்டிருச்சாப்பா?" என்றார். "விட்டிருச்சு சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாமியார் தோட்டத்துக்கு வந்தபோது பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பொய் சொன்னேன், அதுவும் அன்னம்மாள் கோயிலுக்குப் போவதற்காக. வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, மூன்று அருள் நிறைந்த மரியே சொல் என்றார். அடுத்த வருடம் உண்மையை எழுதச் சொல் என்றும் சொன்னார்.

அத்தைக்குக் குழந்தை பிறக்கவில்லை. பாட்டி அதற்காக அன்னம்மாளைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. மறு ஆண்டும் வந்தார், அதற்கு மறு ஆண்டும் வந்தார். "அவங்களும் கேட்டுத்தான் வாங்கணும், பேரன்கிட்ட" என்பார். 1993-இல் பாட்டி இறந்தபோது மாரியம்மன் கோயில் பூசாரிதான் காரியம் செய்தார். அம்மா அன்றிரவு சமையலறை மூலையில் பாட்டியின் விளக்கை ஏற்றிவிட்டு, முன்கூடத்தில் செபமாலை தொடங்கினார். வரி மறந்தபோது எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை.

லயம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நான் கூலிம் தாமான் ஒன்றில் இருக்கிறேன். வேலை பினாங்குத் தொழிற்சாலையில், திங்கள் முதல் வெள்ளி. மனைவி கெடாவில் ஆசிரியர், ஞாயிறு முதல் வியாழன். மகனுக்கும் அதேதான். நாங்கள் மூவரும் ஒன்றாக வீட்டில் இருக்கும் நாள் சனிக்கிழமை மட்டும். இப்படி வாழும் குடும்பங்கள் கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும் எத்தனையோ. சனிக்கிழமை மாலைப் பூசையே ஞாயிறு பூசையாகக் கணக்காகும் என்ற சலுகையைத் திருச்சபை யாருக்காகத் தந்ததோ தெரியாது, எங்களுக்காகத் தந்தது போலவே இருக்கிறது. இந்து நண்பர்கள் பாடு இன்னும் சிரமம். தைப்பூசத்துக்குக் கெடாவில் நிலையான பொது விடுமுறை கிடையாது. ஆண்டுதோறும் சிறப்பு விடுமுறையாக அறிவித்தால் உண்டு. 2021-இல் அதுவும் ரத்தானது நினைவிருக்கும்.

தொழிற்சாலையில் உடன் வேலை பார்க்கும் பிலிப்பீன்ஸ் பெண்மணி ஒருவர் தம் ஊர் டிசம்பரைப் பற்றிச் சொல்வார். 16-ஆம் தேதியிலிருந்து 24 வரை ஒன்பது நாள், விடியுமுன் பூசை. சிம்பாங் காபி என்று பெயர். வயலுக்குப் போகிறவர்கள் வேலைக்கு முன்பே கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று வந்த வழக்கமாம். அவர் பிள்ளைகள் பெரியவர்களைக் கண்டால் அவர்கள் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். எங்கள் அப்பாவும் அந்த நேரத்துக்குத்தான் எழுந்தார், ஆனால் பிரட்டுக்கு என்றேன். தோட்டத்தில் யாராவது அந்த நேரத்துக்கு ஒரு பூசை வைத்திருந்தால் அவர் போயிருப்பாரா? தூங்கத்தான் ஆசைப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்த 2026-ஆம் ஆண்டு நாட்காட்டி 1987-இன் நாட்காட்டியேதான். தேதியும் கிழமையும் அப்படியே பொருந்தும். ஜூலை 26 மறுபடியும் ஞாயிறு. மகனுக்கு வயது பத்து. விடுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். "குடும்ப நிகழ்ச்சின்னு எழுதிடுங்க, யாரும் கேக்கமாட்டாங்க" என்றார் மனைவி. அது பொய்யும் இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். மகன் எட்டிப்பார்த்து, "எங்க போறோமோ அதை எழுதுங்கப்பா" என்றான். காய்ச்சல் கதையை அவனுக்கு நான் அதுவரை சொன்னதில்லை.

புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் வகுப்பாசிரியை தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவர். அன்று மாலையே கைப்பேசியில் பதில் வந்தது: "சரிங்க. முடிஞ்சா எனக்கு ஒரு போத்தல் தண்ணி."