முதியோருடன் விடுமுறைப் பயணம்

"வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று மூட்டுவலியால் தளர்ந்த பாட்டியார் கூறுவது பெரும்பாலும் விருப்பமின்மையால் அன்று, பிறருக்குச் சுமையாவோமோ என்னும் அச்சத்தால். ஆதலின், நேயர்களே, ஊரைத் தெரிவு செய்கையில் தொலைவைக் காட்டிலும் படிகளையே எண்ணுதல் வேண்டும்.

பெங்களூரில் வாழும் நம்மவர்க்கு மைசூர் ஏற்றது. சாமுண்டி மலைக்கு ஆயிரம் படிகள் இருப்பினும் மேலே செல்லச் சாலையும் உண்டு. வண்டி நிற்குமிடத்திலிருந்து கோயில் வாயில்வரை நடப்பதே கருதத்தக்கது. தமிழகம் சென்று பழநியாண்டவரை வழிபட விழைவோருக்கு 1966 முதல் இழுவை இரயிலும், 2004 முதல் ரோப் காரும் உள்ளன. ரோப் கார் ஆண்டுதோறும் பராமரிப்புக்காக நிறுத்தப்படுவதால், நாளைக் கேட்டறிந்தே புறப்படுக. விடுதியில் தரைத்தள அறையும், நாற்காலி போல் அமரும் கழிப்பிடமும் உண்டா என முன்கூட்டியே வினவுங்கள். அதில் கூச்சம் வேண்டா.