காலாவதியான பிலிமும் உடனடிக் காமிராவும்

புகைப்படத்தை எடுத்த சில நிமிடங்களிலேயே கையில் ஏந்திக் காண வழி செய்தவர் அமெரிக்க விஞ்ஞானி எட்வின் லாண்ட் ஆவார். 1947இல் நியூயார்க்கில் தம் முறையை அவர் செய்து காட்டினார். மறு ஆண்டே அவர் நிறுவிய போலராய்டு நிறுவனத்தின் காமிரா விற்பனைக்கு வந்தது. 1972இல் தோன்றிய எஸ்.எக்ஸ்-70 என்னும் மடக்குக் காமிரா பெரும் புகழ் எய்தியது. உடனடிப் பிலிம் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அந்நிறுவனம் 2008இல் அறிவித்தது. ஆகவே, அக்காலத்துப் பிலிம் பெட்டி இன்று நம் கைக்கு எட்டினால், அது நாள் கடந்ததே எனக் கொள்ளலாம். அதனைப் பயன்படுத்தினால் நிகழ்வது யாது?

ஏனைய பிலிம்களை இருட்டறையில் மருந்திட்டுக் கழுவ வேண்டும். இங்கோ அந்த மருந்து தாளுக்குள்ளேயே அடங்கியுள்ளது. படத்தின் கீழேயுள்ள அகன்ற வெள்ளை ஓரத்தில், காரத்தன்மையுள்ள குழம்பு ஒரு சிறு பையில் அடைபட்டிருக்கிறது. காமிராவின் இரண்டு உருளைகளுக்கிடையே தாள் அழுந்தி வெளிவருகையில் பை உடைந்து, குழம்பு சீராகப் பரவுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்குழம்பு உலர்கிறது. அது எட்டாத இடங்களில் படம் தோன்றுவதில்லை. சாயங்களும் ஒளியுணர்வும் தளர்வதால் நிறம் வெளிறி, மஞ்சள் படர்கிறது.

மற்றொன்றும் உண்டு. எஸ்.எக்ஸ்-70 காமிராவில் தனி மின்கலம் இல்லை. பிலிம் பெட்டியின் அடியிலேயே 6 வோல்ட் மின்கலம் அமைந்துள்ளது. அது வலுவிழந்தால் காமிரா இயங்காது. அதனால் காமிரா பழுதுற்றது என்று ஒதுக்கிவிடலாகாது. புதிய பெட்டியை இட்டுப் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும். நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் போலராய்டு ஆலையின் இயந்திரங்களை ஒரு குழுவினர் வாங்கிக் காத்து, 2010இல் புதிய பிலிம் வெளியிட்டனர். அதன் வழிவந்த பிலிம் இன்றும் கிடைக்கிறது. அதனைக் குளிர்பெட்டியில், உறையவிடாமல், கிடையாக வைத்துக் காத்தல் நன்று. எடுத்ததும் அறையின் வெப்பநிலைக்கு வரவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

பழைய பெட்டியைச் சோதிக்க விரும்புவோர் நல்ல வெளிச்சத்தில், ஒளித் திருகை வெள்ளைக் குறியின் பக்கம் சற்றே திருப்பி எடுக்கலாம். ஆயின், ஒன்றை மறத்தல் கூடாது: இப்படத்திற்கு நெகட்டிவ் கிடையாது, கிடைப்பது ஒரே பிரதி. மரத்தையும் மலரையும் மறுநாளும் எடுக்கலாம். பேரனைக் காண ஊரிலிருந்து நெடுந்தூரம் ரயிலில் வந்திருக்கும் பாட்டியாரைப் படமெடுக்கப் புதிய பிலிமையே இடுவோமாக.