வெடித்த அன்று சாகாதவர்கள்

சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலை வெடித்தபோது, அன்றிரவு அறிவிக்கப்பட்ட சாவு எண்ணிக்கை அத்துடன் நிற்கவில்லை. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் அடுத்தடுத்த நாட்களில் இறக்க, அது 20-ஐத் தாண்டியது. வெடியில் தப்பியவர்களைப் பிறகு கொல்வது எது?

முதல் இரண்டு நாட்களில் உடல்நீர் இழப்பும் புகையால் புண்பட்ட நுரையீரலும் உயிரைப் பறிக்கின்றன. அதைக் கடந்தவருக்குப் பெரும் எதிரி கிருமித்தொற்றே. கருகிய தோலில் இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே நரம்பு வழியே ஏற்றும் மருந்து அங்கே சென்று சேர்வதில்லை. கிருமிக்கோ அது ஈரமும் உணவும் நிறைந்த இடம். முதலில் நோயாளியின் தோலிலேயே இருந்தவை பெருகும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்ற மருத்துவமனைக் கிருமிகள் குடியேறும். செயற்கைச் சுவாசக் குழாய், சிறுநீர்க் குழாய், ஊழியரின் கை, கட்டில் கம்பி ஆகிய எல்லாமே அவற்றுக்கு வழிதான். அசினெட்டோபாக்டர் உலர்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் உயிர்வாழும்.

மருத்துவமனையில் நீண்டநாள் வாழ்ந்த கிருமிகள் மருந்துகளுக்குப் பழகியவை. மெரோபெனம் போன்ற வலிய மருந்தையும் சிதைக்கும் என்.டி.எம்.-1 நொதியைப் பற்றி 2010-இல் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வில் சென்னையின் மாதிரிகளும் இருந்தன. அதன் பெயரில் 'நியூடெல்லி' இருப்பதே அன்று பெரிய சர்ச்சையானது. கிருமியைப் பற்றிய கவலை அந்த அளவுக்கு இல்லை. மெரோபெனம் தோற்றால் எஞ்சுவது கோலிஸ்டின் போன்ற ஓரிரு மருந்துகளே. கோலிஸ்டின் சிறுநீரகத்தைத் தாக்கும். தீக்காயம் பட்டவரின் சிறுநீரகமோ ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

இதற்கு மாற்று வழி மருத்துவம் அறியாததன்று. கருகிய தோலை முதல் நாட்களிலேயே அகற்றித் தோல் ஒட்டுவது, தனியறை, போதிய செவிலியர், கை கழுவும் ஒழுங்கு ஆகியவை தொற்றைப் பெரிதும் குறைக்கும். இவற்றுக்குப் பணமும் ஆளும் வேண்டும். வானம் பார்த்த இந்தக் கரிசல் மண்ணில் மருந்து அறைக்குள் கூலிக்குச் செல்வோரில் தலித்துகள் கணிசமானோர். அவர்களுக்குக் கிடைப்பது சிவகாசி அரசு மருத்துவமனை. நிலை மோசமானால் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரை.

இறந்த பிறகும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. இறப்புக்கான காரணத்தைச் சான்றளிக்கும் மருத்துவப் படிவத்தில் உடனடிக் காரணத்துக்கும் அதற்கு அடிப்படையான காரணத்துக்கும் தனித்தனி வரிகள் உண்டு. மருத்துவர் 'செப்டிசீமியா' என்று மட்டும் எழுதிவிட்டால், விபத்துச் சாவு காகிதத்தில் நோய்ச் சாவாகிவிடும். உள்குத்தகை ஆலையில் வருகைப் பதிவேட்டிலேயே பெயர் இல்லாத கூலியின் குடும்பத்துக்கு இந்த ஒரு வரி பெரிய இழப்பு. 2025 வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், காயத்தின் விளைவாக நேர்ந்த மரணத்துக்கு இழப்பீடு உண்டு என்றது. விபத்து நடந்த அன்றே இறந்திருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. கோரிக்கையை இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வைக்க அது இடம் தந்தது.

ஆகவே அடிப்படைக் காரணமாக வெடிவிபத்துத் தீக்காயம் எழுதப்பட்டுள்ளதா என்பதைக் குடும்பத்தார் பார்க்க வேண்டும். சிகிச்சைச் சுருக்கம், கிருமி வளர்ப்புச் சோதனை முடிவு, உடற்கூறாய்வு அறிக்கை ஆகியவற்றின் நகல்களையும் கேட்டுப் பெற வேண்டும். செலவுக்கு அஞ்சிக் கையெழுத்திட்டு வீட்டுக்கு அழைத்துவரப்பட்டவர் அங்கேயே இறந்தால், அடக்கத்துக்கு முன் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி உடற்கூறாய்வு கேட்பது அவசியம். அடக்கம் முடிந்தபின் சாவைக் காயத்தோடு இணைக்கும் சான்றைத் தேடுவது மிகக் கடினம்.