உங்களுக்குத் தெரியுமா? டிக்கட் கேட்காத நாடு!

லக்சம்பேர்க்கில் பஸ், டிராம், ரயில் எதிலும் டிக்கட் கிடையாது. 2020 மார்ச் முதல் நாடு முழுக்க இலவசம், சுற்றுலா வந்தவர்களுக்கும்தான். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு.

• பரப்பளவு 2,586 சதுர கிலோமீற்றர். நம் மாத்தளை மாவட்டம் 1,993. அவ்வளவுதான் வித்தியாசம்!

• எக்டர்நாக் நகரில், தூய ஆவியார் பெருவிழாவுக்கு அடுத்த செவ்வாயன்று பவனி. வெள்ளைக் கைக்குட்டையின் நுனிகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, வாத்தியத்துக்கேற்ப இடமும் வலமும் துள்ளியபடியே தெருத்தெருவாகப் போகிறார்கள், புனித வில்லிபிரோர்டின் கல்லறை வரை. மாசி மகத்தில் முத்துமாரியம்மனின் பஞ்சரதத்தோடு நடந்தவர்களுக்கு இந்தக் கூட்டம் பிடித்துப்போகும்.

• முல்லர்தால் காட்டில் மணற்பாறை இடுக்குகள். சிலவற்றில் உடம்பைத் திருப்பித்தான் நுழையலாம்.

• ஐரோப்பாவின் முதல் தனியார் செய்மதி நிறுவனம் இங்கேதான். அதன் முதல் செய்மதி அஸ்ட்ரா 1ஏ, 1988 டிசம்பரில் ஏவப்பட்டது.