தொடுதிரை யார் கைக்கு?

சிதம்பரத்தில் 1916 ஆம் ஆண்டு சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தின் படியேறவே நம்மவர்களுக்குத் தடை இருந்த காலம் அது. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு துறவி நம் பிள்ளைகளை உட்காரவைத்து, கையில் புத்தகத்தைக் கொடுத்தார். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த அவர் 1959 இல் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளி இன்றும் அரசுப் பள்ளியாக நடக்கிறது. புத்தகம் யார் கைக்கு என்பது அன்றைய கேள்வி. இன்று வகுப்பறைக்குத் தொடுதிரையும் கைக்கணினியும் வந்துவிட்டன. இது யார் கைக்கு என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி.

அரசு கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைப்பதாகவும், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி தருவதாகவும் தமிழக அரசு அறிவித்து, 2024 இல் பணிகளைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2018-19 இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டது. கைப்பேசியில் அதைப் படம்பிடித்தால் பாடத்தின் காணொலி வரும். 2019 இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது.

ஆனால் கருவி வருவது வேறு, கற்றல் நடப்பது வேறு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இதைக் கண்ணால் பார்த்தோம். பாடம் கைப்பேசிக்குப் போனது. கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளை பாடத்திலிருந்தே வெளியே போனது. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கிராமப்புறங்களில் இணைய வசதி இருந்த வீடுகள் 100க்கு 15கூட இல்லை. கணினி இருந்தவை 100க்கு 5கூட இல்லை. அன்றாடக் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

கடலூர் மாவட்ட மக்களில் 100க்கு 29 பேர் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கு. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் நம் பிள்ளைகள் பலர் படிப்பது சிறு பள்ளிகளில். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. ஒரு ஆசிரியர் விடுப்பில் போனாலோ, கூட்டத்துக்குப் போனாலோ ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில்.

கருவி உதவும் இடம்

சிறு பள்ளியில் கருவிக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. ஆசிரியர் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் 20 நிமிடம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திரையில் எழுத்தின் ஒலியைக் கேட்டு, விரலால் வரைந்து பழகலாம். நேற்று வராத பிள்ளை அந்தப் பாடத்தை இன்று பார்க்கலாம். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரே அறையில் மூன்று நிலைக்கும் தனித்தனி வேலை கொடுக்க இப்படி ஒரு துணை இருந்தால் நல்லது.

இதற்கு இணையம் எப்போதும் ஓட வேண்டும் என்பதில்லை. காணொலிகளை ஒருமுறை தரவிறக்கி, பென் டிரைவில் வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத ஊரிலும் பாடம் நடக்கும்.

நடப்பில் என்ன ஆகிறது? ஆசிரியரின் கைக்கணினி வருகைப் பதிவு, எமிஸ் பதிவு, மதிப்பீட்டுப் பதிவு என்றே ஓடுகிறது என்று ஆசிரியர் சங்கங்களே குறைசொல்லி வருகின்றன. திறன்பலகையில் பழுது வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது பலருக்குத் தெரிவதில்லை. விலை உயர்ந்த பொருள், கெட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று துணிபோட்டு மூடிவைக்கும் பழக்கமும் உண்டு. பெருக்கவும் கழிப்பறை கழுவவும் நம் பிள்ளைகளைக் கூப்பிட்ட பள்ளிகள் பலமுறை செய்தியாகியிருக்கின்றன. திரையைத் தொட மட்டும் அதே பிள்ளை கடைசியில் நிற்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். திரை ஆசிரியருக்கு மாற்று அல்ல. திறன்பலகை வந்துவிட்டது, ஒரு ஆசிரியர் போதும் என்றோ, பிள்ளைகள் குறைவு, பள்ளியை மூடிவிடலாம் என்றோ யார் சொன்னாலும் அதை நாம் ஏற்கக் கூடாது. பிழையாகப் படிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அது எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு மனிதர் வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பள்ளி மேலாண்மைக் குழுவில் 4இல் 3 பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு அவரவர் பங்குக்கு ஏற்ப இடமும் உண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் பொறுப்பு இந்தக் குழுவுக்கே. கையெழுத்துப் போட மட்டும் போகும் கூட்டமாக இதை விட்டுவிடக் கூடாது. நம் தாய்மார்கள் அங்கே கேட்க வேண்டியவை இவை:

நம் பள்ளி திறன்மிகு வகுப்பறைப் பட்டியலில் இருக்கிறதா? இல்லை என்றால், எந்தத் துறையின் பட்டியலில் எப்போது சேரும்? ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் மாநிலத்தில் 1,100க்கும் மேல் உள்ளன. துறை வேறு என்ற காரணத்தால் அவை பின்தங்கக் கூடாது.

கருவி வாரத்தில் எத்தனை நாள் பாடத்துக்கு ஓடுகிறது? பிள்ளைகள் தொடுகிறார்களா, தூரத்திலிருந்து பார்க்கிறார்களா?

பழுது பார்ப்பது யார்? மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு? 2011 டிசம்பரில் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. கருவியைத் தரையிலிருந்து உயரத்தில் வைப்பதும், மழைக்காலத்தில் பூட்டிக் காப்பதும்கூடத் திட்டத்தில் எழுத வேண்டியவைதான்.

பணம் இல்லை என்று பதில் வரலாம். பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் தொகைக்கு ஏற்ப நிதி ஒதுக்கவும், அதைத் திருப்பாமல் செலவிடவும் 2024 இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. நம் பிள்ளைகளின் வகுப்பறைக்கு அந்த நிதியைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

சகஜானந்தர் பள்ளி தொடங்கியபோது பிள்ளைகளை அனுப்பச் சொல்லி வீடு வீடாகக் கேட்க வேண்டியிருந்தது. இன்று பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள், கருவியும் வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது என்று இந்த வாரமே தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்வோம்.