கொலஸ்ட்ரால் மாத்திரை போடலாமா, வேண்டாமா? உங்களுக்குத் தெரியுமா?

★ ‘நான் சுத்த சைவம், முட்டைகூடத் தொட்டதில்லை, எனக்கு எப்படி கொலஸ்ட்ரால்?’ இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டுத் தட்டிலிருந்து வருவதில்லை. உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், அதைத் தயாரித்துக்கொள்கிறது. ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் கைவைப்பது அந்தத் தயாரிப்பில்தான். சொந்த உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல். எனும் ‘கெட்ட’ கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது, ரத்தத்தில் அளவு இறங்குகிறது. அப்படி இழுத்துக்கொள்ளும் ஏற்பிகளைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

★ இந்த மாத்திரையின் பூர்வீகம் ஒரு பூஞ்சை. ஜப்பானின் சாங்கியோ மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த அகிரா எண்டோ, 1970களின் தொடக்கத்தில் 6,000க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கும் பொருளைப் பென்சிலியம் இனப் பூஞ்சை ஒன்றில் கண்டார். ஆனால் எலிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் அசையவே இல்லை. விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். நிறுவனத்தின் இன்னொரு ஆய்வாளரிடம், சோதனை முடிந்து கொல்லப்படவிருந்த முட்டைக்கோழிகள் இருந்தன. ‘அவற்றுக்குக் கொடுத்துப் பார்க்கலாமே’ என்று எண்டோ கேட்டார். கோழிகளின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. 1987இல் அமெரிக்காவில் லோவாஸ்டாட்டின் என்ற முதல் ஸ்டாட்டின் விற்பனைக்கு வந்தது. அது வேறொரு நிறுவனத்தின் மருந்து. எண்டோ 2024 ஜூனில் 90 வயதில் காலமானார்.

★ லேப் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 142 என்று தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. அதைப் பார்த்ததும் பயந்து மாத்திரை கேட்பவர்களும் உண்டு, ‘லேசாத்தானே கூடியிருக்கு’ என்று தாளை மடித்து வைத்துவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே அவசரம். அதே 142, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாத 34 வயதுப் பெண்ணுக்கு வேறு செய்தி. சிகரெட் பிடிக்கும், சர்க்கரை நோயுள்ள 58 வயது ஆணுக்கு முற்றிலும் வேறு செய்தி. பிரிட்டனில் மருத்துவர்கள் பயன்படுத்தும் கியூரிஸ்க் கணக்கு வயது, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், நெருங்கிய உறவில் 60 வயதுக்குள் யாருக்காவது இதய நோய் வந்ததா என்பதையெல்லாம் கேட்கிறது. நீங்கள் இந்திய வம்சாவளியா என்றும் கேட்கிறது, ஏனென்றால் தெற்காசியர்களுக்கு மாரடைப்பு ஆபத்து அதிகம், அதுவும் இளவயதிலேயே. அடுத்த 10 ஆண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று விடை வந்தால், அங்கே மாத்திரை பற்றிப் பேச்சை எடுக்கிறார்கள்.

★ ‘ஆபத்தை 25 சதவீதம் குறைக்கும்’ என்று சொன்னால், உடனே ‘எதில் 25 சதவீதம்?’ என்று கேளுங்கள். உங்களைப் போன்ற 100 பேரில் 10 ஆண்டில் 20 பேருக்கு மாரடைப்பு வரும் என்றால், மாத்திரையால் அது 15 ஆகும். 5 பேர் தப்பிக்கிறார்கள். 100க்கு 4 பேருக்குத்தான் வரும் என்றால் 3 ஆகும், தப்பிப்பவர் ஒருவர். சதவீதம் மாறவில்லை, பலன் மாறுகிறது. ‘என் கணக்கில் நூற்றுக்கு எத்தனை, டாக்டர்?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கூச்சப்படவே வேண்டாம்.

★ ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர்கள் விஷயத்தில் இந்த விவாதத்துக்கு இடமே இல்லை. இதய நோயுள்ள 4,444 பேரிடம் ஸ்கேண்டிநேவிய நாடுகளில் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்தது. ‘ரிப்போர்ட் நார்மல் ஆயிடுச்சே, இனி எதுக்கு?’ என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்களில் இவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் மனதைப் பிசைகிறது. நார்மல் ஆனதே மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும்.

★ ‘அதைப் போட்டா உடம்பெல்லாம் வலி’ என்பது பரவலான புகார். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், இப்படி வலி, அசதி என்று ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேரிடம் ஆளுக்கு 12 பாட்டில்களைக் கொடுத்தார்கள், மாதத்துக்கு ஒன்று. நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்தே இல்லாத போலி மாத்திரை, நான்கு வெறும் பாட்டில். உள்ளே இருப்பது ஸ்டாட்டினா போலியா என்று போட்டுக்கொள்பவருக்குத் தெரியாது. தினமும் தொல்லைக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட வேண்டும். 2020இல் முடிவு வெளியானது: வெறும் பாட்டில் மாதங்களில் சராசரி 8, ஸ்டாட்டின் மாதங்களில் 16.3, போலி மாத்திரை மாதங்களில் 15.4! வலி பொய்யல்ல, அவர்கள் அனுபவித்தது நிஜ வலி. ஆனால் பெரும்பகுதி ‘மாத்திரை போட்டிருக்கிறோம்’ என்பதிலிருந்தே வந்தது. தங்கள் மதிப்பெண்களைக் கண்ணால் பார்த்த பிறகு, பாதிப்பேர் மறுபடி ஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கினார்கள்.

இதை வைத்து ‘எல்லாம் மனப்பிரமை’ என்று யாரையும் அடக்கிவிடக் கூடாது. அரிதாக, தசை உண்மையாகவே சிதையும். செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து இந்தக் காரணத்தால் 2001இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீரும் கறுத்த நிறத்தில் போனால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

★ சர்க்கரை ஏறுமா? கொஞ்சம் ஏறலாம். 255 பேர் 4 ஆண்டுகள் ஸ்டாட்டின் எடுத்தால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் வரும் என்று 2010இல் ‘லான்செட்’ இதழில் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் விளிம்பில் நிற்பவர்களுக்குத்தான் இப்படி ஆகிறது. சர்க்கரை நோய் ஏற்கெனவே உள்ளவர்களோ மாரடைப்பு ஆபத்து அதிகம் உள்ளவர்கள். அவர்கள் இதற்குப் பயந்து மாத்திரையை விடுவது நஷ்டக் கணக்கு.

★ 10 மில்லிகிராமை 20 ஆக்கினால் பலனும் இரட்டிப்பாகாது. ஒவ்வொரு முறை டோஸை இரட்டிக்கும்போதும் எல்.டி.எல். கூடுதலாக ஏறத்தாழ 6 சதவீதம்தான் இறங்கும். டோஸை ஏற்றிக்கொண்டே போகாமல் எசெட்டிமைப் என்ற வேறு வகை மருந்தைக் கூடச் சேர்ப்பது அதனால்தான்.

★ சிம்வாஸ்டாட்டின் இரவில். அட்டார்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் எந்த நேரத்திலும்.

★ மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நம் ஊரில் ஸ்டாட்டினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் ஒரே கேப்சூலில் அடைத்து விற்கிறார்கள். ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு எழுதியதை, கொலஸ்ட்ரால் மட்டும் கூடியிருக்கும் மகன் ‘அதே மாத்திரைதானே’ என்று வாங்கிப் போட்டால், ரத்தக்கசிவு ஆபத்தையும் சேர்த்து விழுங்குகிறார். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், சிம்வாஸ்டாட்டினோடும் அட்டார்வாஸ்டாட்டினோடும் ஒத்துப்போகாது. சளிக்கு மருந்து வாங்கும்போதும் ‘கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.

★ ‘இயற்கை மருந்து, பக்கவிளைவு கிடையாது’ என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையில் வேலை செய்யும் மோனகோலின் கே என்ற பொருள், லோவாஸ்டாட்டினேதான்! எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்.

★ கடலை எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போடுவது சரிதான். எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது, தேங்காய் எண்ணெயிலும் கிடையாது. ஆனால் தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, எல்.டி.எல்லை ஏற்றிவிடுவது அதுதான்.

★ முடிவெடுக்க முடியாமல் நடுவில் நிற்பவர்களுக்கு உதவும் சோதனைகள் இரண்டு. ஒன்று, இதய ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்கும் கால்சியம் ஸ்கோர் சி.டி. ஸ்கேன். பூஜ்யம் என்று வந்தால், சர்க்கரையோ சிகரெட்டோ இல்லாத பலருக்கு மாத்திரையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட வழி உண்டு. மற்றொன்று லிப்போபுரோட்டீன் ‘ஏ’ ரத்தப் பரிசோதனை. இது பிறப்பிலேயே ஏறத்தாழத் தீர்மானமாகிவிடும் அளவு. நடையாலும் டயட்டாலும் அசையாது. வாழ்நாளில் ஒருமுறையாவது எல்லோரும் பார்த்துவிட வேண்டும் என்று இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

★ எல்.டி.எல். 190க்கு மேலா? பெரியப்பாவுக்கு 42இல், அப்பாவுக்கு 45இல் மாரடைப்பா? அப்படியானால் இது பரம்பரைக் கொலஸ்ட்ராலாக இருக்கலாம். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. சிலருக்குக் குதிகாலுக்கு மேலே தசைநார் தடித்துக் கட்டியாகத் தெரியும். இங்கே ‘மூன்று மாதம் டயட் இருந்து பார்ப்போம்’ என்ற பேச்சு போதாது, மருந்து தேவை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஓடி விளையாடும் பத்து வயதுப் பிள்ளைக்கும் சேர்த்து.