இரு கழிமுகங்களின் உறவு

திருவேட்டக்குடிக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு நீலக் கடலே தென்படும். அக்கடலைக் கடந்துதான், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், காரைக்கால் வட்டாரத்தார் பலர் சைகோன் நகருக்குச் சென்றனர். வணிகமும் அரசுப் பணியும் அவர்களை அழைத்தன.

பொருள் தேடிச் சென்றவர்களை அந்நாடு கவர்ந்துகொண்டது. காவிரிக் கழிமுகத்தில் வளர்ந்த கண்களுக்கு மேகோங் கழிமுகத்தின் வாய்க்கால்களும் நெல்வயல்களும் சொந்த ஊரை நினைவூட்டின. சிலர் அங்குள்ள பெண்களை மணந்து இல்லறம் நடத்தினர். 1935-ஆம் ஆண்டு தென்னிந்திய முஸ்லிம்கள் சைகோனின் டோங் டு தெருவில் பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினர். ஈட்டிய பொருளில் ஒரு பங்கை ஈட்டிய மண்ணுக்கே அளித்தது அவர்தம் நேசம்.

1975-இல் போர் முடிந்து ஆட்சி மாறியபின், அவர்களுள் பெரும்பாலோர் அந்நாட்டை விட்டு அகன்றனர். பள்ளிவாசல் நிலைத்தது. நகரம் ஹோ சி மின் எனப் பெயர் மாறிய பின்னரும், பல நாட்டு முஸ்லிம்கள் அங்கே தோளோடு தோள் நின்று தொழுகின்றனர்.

மாந்தரைப் பல இனத்தாராக இறைவன் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது திருமறையின் போதனை (49:13). இன்று அயல்நாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டும் நம் இளைஞர்கள் சற்றே சிந்திக்கட்டும்: அங்கிருந்து எதைக் கொண்டு வரப்போகிறோம்? அங்குள்ளோர்க்கு எதை விட்டு வரப்போகிறோம்?